எண் வழங்கும் ஏடு

இருப்புப்பாதை அலுவலக எழுத்தனுக்கு எண்களே உலகம். வண்டிக்கு எண், பெட்டிக்கு எண், படுக்கைக்கு எண். ஒரே படுக்கையை இருவருக்குக் கொடுத்துவிட்டால் நள்ளிரவில் என்ன நிகழும் என்பதை ஊருக்குப் போய்வரும் அன்பர்கள் நன்கறிவார்கள். கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய எண் வழங்கும் பணி ஒன்று நடைபெறுகிறது. மெட்ரிகுலேஷன் மட்டுமே படித்த எனக்கும் அது விளங்கிற்று என்னும் மகிழ்ச்சியிலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ். அதன் உட்கருவைக் கெர்னல் என்பர். சாதனங்களை ஆள்வது அதுவே. சாதனம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் உண்டு. எந்த இயக்கு நிரல் பொறுப்பு என்பதை முதன்மை எண் காட்டும். அந்நிரலின் கீழ் எந்தச் சாதனம் என்பதைத் துணை எண் காட்டும். பெட்டியும் படுக்கையும் போலத்தான்.

முற்காலத்தில் இரண்டிற்கும் எட்டெட்டுப் பிட்டுகளே. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில் முதன்மை எண்ணுக்கு 12, துணை எண்ணுக்கு 20 பிட்டுகள் என விரிந்தன. அந்த அகலத்தில் 4,096 முதன்மை எண்களும், ஒவ்வொன்றின் கீழும் 10,48,576 துணை எண்களும் அடங்கும். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 429 கோடி. ஒவ்வொன்றுக்கும் ‘ஆள் உண்டு, இல்லை’ என்று ஒரே ஒரு பிட் ஒதுக்கினாலும் 512 மெகாபைட் நினைவகம் போய்விடும். நம் பிள்ளைகள் வைத்துப் பழகும் பழைய பொறியில் இருப்பதே 1 கிகாபைட் என்றால், பாதி பதிவேட்டுக்கே சரி!

ஆதலால் கெர்னல், வாராத விருந்தாளிக்கு இலை போடுவதில்லை. எழுத்தெழுத்தாகத் தகவல் கொள்ளும் சாதனங்களுக்கென 255 அறைகளே கொண்ட ஒரு சிறு பேழையை வைத்திருக்கிறது. 64 பிட் பொறியில் அதற்கு ஆகும் இடம் 2,040 பைட். முதன்மை எண்ணை 255-ஆல் வகுத்தால் எஞ்சுவதே அறை எண். 4, 259 ஆகிய இரண்டும் நான்காம் அறைக்கே உரியன. அங்கே சீட்டுகள் சங்கிலியாகக் கோக்கப்படும். சீட்டில் முதன்மை எண், தொடங்கும் துணை எண், எத்தனை, யார் பெயர் என்பவை இருக்கும். முதன்மை எண் 4-இன் கீழ் 0 முதல் 63 வரை திரை முனையங்கள். 64 முதல் சீரியல் இணைப்புகள். ஒரே பெட்டியில் இரு குடும்பங்கள், சச்சரவின்றி!

புதிய நிரல் இடம் கேட்டால், பழைய சீட்டுகளோடு மோதுகிறதா என்று பார்த்து, மோதினால் கெர்னல் மறுத்துவிடும். இன்றேல் ஒரு சாதனத்துக்கு அனுப்பிய தகவல் மற்றொன்றுக்குப் போய்ச் சேரும். ‘எந்த எண்ணாயினும் சரி’ என்று கேட்போருக்கு, வெற்றிடம் தேடித் தானே கொடுக்கும். நிரல் விலகும்போது சீட்டு நீக்கப்பட்டு, நினைவகமும் திரும்பிவிடும்.

இஃது ஏதோ மேதைகளின் இரகசியம் என்று நம் இல்லத்தார் ஒதுங்க வேண்டியதில்லை. வீட்டில் லினக்ஸ் பொறி இருந்தால், ‘பிராக்’ என்னும் அடைவில் ‘டிவைசஸ்’ என்ற கோப்பைப் பிள்ளைகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எண்ணும் பெயருமாக அந்த ஏடு அங்கே இருக்கும்.