நடவாத போட்டி

குத்துச்சண்டையைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். மனிதன் மனிதனை அடித்து வீழ்த்துவதைப் பணங்கொடுத்துப் பார்க்கும் வழக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால், என்னிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் நால்வர் பாடசாலைக் குத்துச்சண்டை அணியைச் சேர்ந்தவர்கள். கையிற் சுற்றிய துணிப்பட்டியைக் கூட அவிழ்க்காமல் மாலை வகுப்புக்கு வந்து அமரும் அவர்களுடைய வாதங்களைக் கேட்டுக் கேட்டே இத்துறையில் எனக்கு ஈடுபாடு பிறந்தது.

அவர்களுடைய வாதம் பெரும்பாலும் ஒரே வகையினது. மைக் டைசன் தமது உச்சக் காலத்தில் முகம்மது அலியின் எதிராளிகளைச் சந்தித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பிரேசியரை வீழ்த்தியிருப்பாரா? போர்மனின் அடியைத் தாங்கியிருப்பாரா? ஒருவன், போர்மன் பிரேசியரை 1973இல் இரண்டே சுற்றில் முடித்தார், அதே போர்மனை அலி 1974இல் வீழ்த்தினார், ஆகவே அலியே பெரியவர் என்று கேத்திரகணிதத் தேற்றம் போல நிறுவுவான். மற்றவன், அப்படியானால் பிரேசியர் அலியை 1971இல் வென்றதை எங்கே வைப்பது என்று அத்தேற்றத்தை உடைப்பான். “சேர், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ” என்று என்னிடம் வருவார்கள். நளவெண்பாவை விளக்க வந்த என்னிடம் கேட்கத் தகுந்த கேள்விதான்!

இவ்வாதத்துக்கு ஒருமுறை இயந்திரமே தீர்ப்பு வழங்கியதுண்டு. 1967இல் மயாமி நகரத்து வானொலித் தயாரிப்பாளர் மரி வொரோனர் என்பவர், பல தலைமுறைகளைச் சேர்ந்த பார எடை வீரர்களின் விவரங்களைக் கணினிக்குக் கொடுத்து அவர்களுக்கிடையே கற்பனைப் போட்டிகளை நடத்தினார். அவற்றுள் ஒன்றில் ஜேம்ஸ் ஜெப்ரீஸிடம் அலி தோற்றார் என்று கணினி கூறிற்று. வியட்நாம் யுத்தத்துக்குப் படையிற் சேர மறுத்ததற்காக அவ்வாண்டே அலியின் பட்டம் பறிக்கப்பட்டிருந்தது. மெய்யான மேடையில் எவராலும் பறிக்க முடியாதிருந்ததைக் காகிதத்திலும் பறித்த கதையாயிற்று. அலி பத்து இலட்சம் டொலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அது சமரசத்தில் முடிந்து, 1969இல் ரொக்கி மார்சியானோவும் அவரும் கமராவின் முன் பொய்ச்சண்டையிட்டனர். 1970இல் அது திரைக்கு வந்தபோது அமெரிக்காவில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவிற் காட்டப்பட்ட பிரதியில் அலி வென்றார். சந்தைக்கேற்ற சத்தியம்!

ஆயினும் என்னை உறுத்தியது ஜெப்ரீஸின் பெயரே. இவர் 1899 முதல் 1905 வரை பார எடைச் சம்பியனாயிருந்தவர். அந்நாளில் ஜக் ஜோன்சன் என்னும் கறுப்பினத்தவர் பட்டத்துக்காகப் போட்டியிட விழைந்தபோது, கறுப்பரோடு பட்டத்துக்காக மோதுவதில்லை என்று ஜெப்ரீஸ் மறுத்தார். இந்த மறுப்புக்கு அக்காலத்திலேயே ஒரு பெயர் இருந்தது: நிறக்கோடு. ஜெப்ரீஸுக்கு முன்னர் ஜோன் சலிவனும் அதே கோட்டைக் கீறியவர்தான். ஜோன்சன் 1908இல் சிட்னி நகரில் தொமி பேர்ன்ஸை வென்று சம்பியனானார். வெள்ளையினத்தின் மானத்தை மீட்கவென்று ஜெப்ரீஸை ஓய்விலிருந்து அழைத்து வந்தார்கள். 1910ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதி ரீனோ நகரில் அவர் ஜோன்சனிடம் வீழ்ந்தார். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர், உயிர்கள் போயின. தம் காலத்துக் கறுப்பரைச் சந்திக்க மறுத்து, பின் சந்தித்துத் தோற்ற அந்த மனிதரே இயந்திரத்துக்குள் அலியை வென்றவர்.

இங்கேதான் மாணவரின் வாதத்தில் ஒரு வேறுபாட்டைக் காணவேண்டியிருக்கிறது. டைசனையும் பிரேசியரையும் பிரித்தது காலம். காலத்தின்மீது வழக்குத் தொடுக்க முடியாது. அக்கற்பனை ஒரு விளையாட்டு, அவ்வளவே. ஆனால் ஒரே காலத்தில், ஒரே நாட்டில், ஒரே எடைப் பிரிவில் வாழ்ந்த இருவரைப் பற்றியும் நாம் இவ்வாறு ஊகிக்க வேண்டியிருந்தால் அது விளையாட்டன்று. அவர்களைப் பிரித்தது யார் என்ற கேள்வி எழுகிறது. ஜக் டெம்ப்சி, ஹரி வில்ஸ் ஆகிய இருவரையே குறிப்பிடுகிறேன்.

வில்ஸ் 1889இல் நியூ ஓர்லியன்ஸில் பிறந்தவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். டெம்ப்சி 1895இல் கொலராடோ மாநிலத்து மனாசாவில் வறிய குடும்பமொன்றிற் பிறந்து சுரங்கங்களில் உழைத்தவர். இருவருமே கூலித் தொழிலாளராயிருந்தவர்கள். 1919 ஜூலை 4ஆம் திகதி டெம்ப்சி ஜெஸ் வில்லாட்டை வீழ்த்திச் சம்பியனானார். அடுத்த ஏழாண்டுகளும் அவருடைய முதன்மைப் போட்டியாளராக மதிக்கத்தக்கவர் வில்ஸே. இருவரும் ஒருமுறையேனும் மோதவில்லை.

ஆகவே மாணவரின் தேற்றத்தையே இங்கு பிரயோகித்துப் பார்ப்போம். இருவருக்கும் பொதுவான எதிராளிகள் மூவரை எடுத்துக்கொள்ளலாம். பிரெட் புல்டன் என்ற உயர்ந்த மனிதரை டெம்ப்சி 1918இல் அரை நிமிடம் கழியுமுன் படுக்க வைத்தார். வில்ஸுக்கு 1920இல் மூன்று சுற்றுகள் தேவைப்பட்டன. ஆர்ஜென்டீனாவின் லூயிஸ் பிர்போவோடு டெம்ப்சி 1923இல் மோதியது இன்றும் பேசப்படும் சண்டை: முதற் சுற்றிலேயே பிர்போ ஏழு தடவை விழுந்தார், டெம்ப்சியோ மேடைக்கு வெளியே தூக்கி வீசப்பட்டார், இரண்டாஞ் சுற்றில் எல்லாம் முடிந்தது. மறு ஆண்டு வில்ஸ் அதே பிர்போவோடு பன்னிரண்டு சுற்றுகள் நின்றார். ஒருமுறை வீழ்த்தினார், தாம் சிறிதும் தடுமாறவில்லை. நியூ ஜேர்சி மாநிலச் சட்டப்படி நடுவர் தீர்ப்பில்லை. பத்திரிகையாளரோ வில்ஸே மேம்பட்டவர் என எழுதினர். ஜக் ஷாக்கியிடம் 1926இல் வில்ஸ் விதிமீறலுக்காக விலக்கப்பட்டுத் தோற்றார். டெம்ப்சி 1927இல் ஷாக்கியை ஏழாஞ் சுற்றில் வீழ்த்தினார்.

மூன்றையும் கூட்டிப் பார்த்தால் டெம்ப்சியின் தட்டே தாழ்கிறது. ஆனால் இக்கணக்கிற் சூழ்ச்சி ஒன்று இருக்கிறது. ஷாக்கியைச் சந்தித்தபோது வில்ஸுக்கு வயது 37. பட்டத்துக்காகக் காத்திருந்தே முதுமையடைந்த ஒருவரின் தோல்வியை எடுத்து, அவரைக் காக்க வைத்தவருக்குச் சார்பான சான்றாகக் காட்டுகிறோம். அன்றியும், வில்ஸின் எதிராளிகள் டெம்ப்சியின் பட்டியலில் எங்கே? சாம் லாங்போட் என்ற கனடிய வீரர், ஐந்தடி ஏழங்குல உயரத்தோடு பார எடையினரைக் கதிகலக்கியவர், வில்ஸோடு மட்டும் பதினாறு தடவைக்குக் குறையாமல் மோதினார். இரு தடவை அவரை மயங்கி விழச் செய்தார். ஏன் இத்தனை தடவை? வெள்ளையர் மறுத்ததனால், கறுப்பின வீரர்கள் தங்களுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் அடிபட்டுச் சீவியம் நடத்த வேண்டியிருந்தது. லாங்போட்டுக்குப் பார எடைப் பட்டப் போட்டி ஒருபோதும் வாய்க்கவில்லை. பிற்காலத்தில் இரு கண்களும் குருடாகி, நியூ யோர்க்கின் ஹாலெமில் ஓர் அறையில் வறுமையிற் கிடந்தவரை 1944இல் அல் லேனி என்ற பத்திரிகையாளரே தேடிக் கண்டுபிடித்தார்.

டெம்ப்சி அஞ்சினார் என்று சிலர் எழுதுவர். நான் அவ்வாறு கருதவில்லை. பட்டம் பெறுமுன் 1916இல் ஜோன் லெஸ்டர் ஜோன்சன் என்ற கறுப்பின வீரரோடு மோதி விலா எலும்பு முறிந்தவர் அவர். அஞ்சியது மூலதனம். டெம்ப்சியின் பெரும் போட்டிகளை நடத்தியவர் ரெக்ஸ் றிக்காட். ரீனோப் போட்டியை ஏற்பாடு செய்து அதற்கு நடுவராகவும் நின்றவர் இவரே. அப்போட்டியின் பின் ஓடிய இரத்தத்தைக் கண்டவர். 1912இல் குத்துச்சண்டைப் படச்சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்வதைச் சட்டம் தடைசெய்ததையும் கண்டவர். 1921இல் டெம்ப்சி-கார்ப்பந்தியே போட்டி முதன்முறையாகப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் நுழைவுச்சீட்டு வருமானம் ஈட்டிற்று. இத்தகைய பொன்முட்டை வாத்தை ஒரு கறுப்பரின் கையில் ஒப்படைக்க எந்த வியாபாரி துணிவான்? 1922இலும் 1925இலும் டெம்ப்சி-வில்ஸ் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. மேடை மட்டும் எழவில்லை. டெம்ப்சி முதலில் வில்ஸையே சந்திக்க வேண்டும் என்று நியூ யோர்க் மாநில ஆணைக்குழு பிடிவாதமாக நின்றபோது, 1926 செப்ரெம்பரில் ஜீன் டனியுடனான போட்டியைப் பிலடெல்பியாவுக்கு எடுத்துச் சென்றார்கள். அங்கே டெம்ப்சி பட்டத்தை இழந்தார்.

நியாயம் பேசுவோர் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜக் ஜோன்சனும் தாம் சம்பியனாயிருந்த காலத்தில் லாங்போட்டைச் சந்திக்கவில்லை. 1913இல் பாரிஸில் ஜிம் ஜோன்சனோடு மோதியதைத் தவிர, கறுப்பர் எவருக்கும் பட்டப் போட்டி வழங்கவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் மோதுவதிலேயே பணம் இருந்தது. கோட்டைத் தாண்டியவரையும் கோட்டின் இலாபம் விட்டுவைக்கவில்லை.

பாரதக் கதையைப் படிப்பிக்கும்போதெல்லாம் அரங்கேற்றக் காட்சியில் நான் சற்றுத் தாமதிப்பதுண்டு. அருச்சுனனோடு பொருதக் கர்ணன் முன்வருகிறான். கிருபன் குலத்தைக் கேட்கிறான். துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்து அவனை அரசனாக்கியும், பொழுது சாய்கிறது, போட்டி நடக்கவில்லை. அன்று மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்று மாணவர் கேட்பர். ஆனால் அவ்வினாவுக்கு விடை கிடைக்காமற் செய்வதற்கென்றே அல்லவா குலம் கேட்கப்பட்டது? கர்ணன் தோற்றிருக்கவும் கூடும். தோற்றிருந்தால் வில்லில் தோற்றவன் ஆகியிருப்பான். பிறப்பில் தோற்றவன் ஆகியிருக்க மாட்டான்.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், 1919இன் டெம்ப்சி 1926இன் வில்ஸை ஐந்தாறு சுற்றுகளில் முடித்திருப்பார். 1922இல் இருவரும் மோதியிருந்தால், பிடித்துக்கொண்டே அடிக்கும் வில்ஸின் பலம் டெம்ப்சியின் பாய்ச்சலை வெகுவாகத் தளர்த்தியிருக்கும். இதனை என் மாணவரில் ஒருவன் ஏற்கவில்லை. டெம்ப்சியின் இடக்கைக் கொக்கியடியைப் பிடிப்பதற்கு வில்ஸுக்கு நேரமே கிடைத்திருக்காது என்கிறான். அவன் கைக்கு உறை மாட்டியவன். நான் சுண்ணக்கட்டி பிடித்தவன்.

வில்ஸ் 1925ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கு முற்பணமாக 50,000 டொலர் பெற்றார். குத்துச்சண்டையை விட்டபின் ஹாலெமில் வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டுச் சீராக வாழ்ந்து 1958இல் மறைந்தார். ஜோன்சன் 1915இல் ஹவானாவிற் பட்டத்தை இழந்ததிலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கறுப்பினத்தவர் எவரும் அப்பட்டத்துக்காக மேடையேற விடப்படவில்லை. 1937 ஜூன் 22ஆம் திகதி சிக்காகோவில் ஜோ லூயிஸ் மேடையேறி ஜேம்ஸ் பிராடொக்கை எட்டாஞ் சுற்றில் வீழ்த்தினார். அன்று ஹரி வில்ஸுக்கு வயது 48.