துறையில்லாக் கரை

பெருங்கப்பலில் பயணம் செய்வோர்க்குக் கரை கண்ணில் பட்டவுடன் பயணம் முடிந்துவிட்டதாகவே ஒரு நினைப்பு எழுகிறது. பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வாயிலருகே போய் நின்றுவிடுகிறோம். கப்பல் அணைவதற்கு ஒரு மேடை இருக்குமாயின் அந்நினைப்பில் பெரும் பிழையில்லை. பாலம் இறக்கப்பட்டதும் நடந்து போய்விடலாம். ஆனால் உலகப் புகழ்பெற்ற சுற்றுலாத் துறைகள் பலவற்றில் பெருங்கப்பல் அணையும் மேடையே கிடையாது. கப்பல் கடலிலேயே நின்றுவிடும். சிறு படகுகள் வந்து மனிதரைக் கரைக்குக் கொண்டு செல்லும். அத்தகைய இடத்தில் காலம் வீணாகாமல் கரையேறுவது ஒரு கலை. அக்கலை தனி மனிதரின் சுறுசுறுப்பைவிடக் கூடி வாழும் பழக்கத்தையே மிகுதியாகச் சோதிக்கிறது.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் புனித பவுலடியாரின் அடிச்சுவட்டைத் தேடிச் சென்ற திருப்பயணத்தில் இதை நாம் கண்டோம். பங்கு மக்களும் அண்டைப் பங்கினருமாக 28 பேர் சென்றிருந்தோம். ஏதென்சு நகருக்கு அருகிலுள்ள துறையில் கப்பலேறி, எபேசு, பத்மு, கிரேத்து ஆகியவற்றைத் தரிசித்தபின், கடைசி மாலையில் கப்பல் சாந்தோரினித் தீவின் முன் வந்து நின்றது. மாலை 4.30-க்கு வந்த கப்பல் இரவு 9.30-க்குப் புறப்படும், கரையிலிருந்து கடைசிப் படகு 9 மணிக்கு. கையில் இருந்தது ஐந்து மணி நேரமும் குறைவு.

சாந்தோரினி ஓர் எரிமலையின் உடைந்த விளிம்பு. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பில் தீவின் நடுப்பகுதி சரிந்து அமிழ, அவ்விடத்தைக் கடல் நிரப்பிக்கொண்டது. இன்று நாம் காணும் வளைகுடா அதுவே. கரையை ஒட்டியே செங்குத்தான பாறைச் சுவர். அதன் அடியில் முந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். வழக்கம்போல் நங்கூரம் பாய்ச்சி நிற்க இயலாமையால் கப்பல்கள் தம் எஞ்சின்களின் துணையால் நிலைகொள்கின்றன. சில, மிதவைகளில் கட்டப்படுகின்றன.

இதைக் கண்டபோது நம் தூத்துக்குடியே நினைவுக்கு வந்தது. 1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படுவதற்கு முன், அங்கும் பெருங்கப்பல்கள் கரைக்கு வந்ததில்லை. கடல் ஆழமற்றது என்பதால் அவை பல கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்குகளைக் கொண்டு சென்றன. அங்கே ஆழம் போதவில்லை. இங்கே ஆழம் மிஞ்சிவிட்டது. இரண்டிடத்திலும் பெரிய கப்பலுக்குச் சிறிய படகின் தயவு தேவைப்பட்டது.

அத்தீவில் நிலையாக வாழ்வோர் ஏறத்தாழ 15,500 பேர். 2023-ஆம் ஆண்டில் மட்டும் கப்பல் வழியே ஏறக்குறைய 13 இலட்சம் பேர் வந்தனர். ஒரே நாளில் நான்கைந்து கப்பல்கள் வந்து நிற்பதும் உண்டு. ஆகவேதான் ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று பின்னர் வரம்பு வகுத்தனர். 2025 ஜூலை முதல், கூட்டம் மிகுந்த மாதங்களில் அங்கு இறங்கும் கப்பல் பயணி ஒருவருக்கு 20 யூரோ வரியும் விதித்துள்ளனர்.

கப்பலில் நடைமுறை இவ்வாறு இருந்தது. கப்பலாரின் பேருந்துச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்கள் முதலில் இறங்குவர். அவர்களை அத்தினியோசு என்னும் வேறொரு துறைக்குப் படகில் கொண்டுபோய், அங்கிருந்து பேருந்தில் மலைமேல் ஏற்றுவர். மற்றவர்கள் கப்பலின் கூடத்தில் எண் குறித்த சீட்டுப் பெற்றுக் காத்திருக்க வேண்டும். எண் அழைக்கப்படும்போது இறங்கி, ஃபிரா என்னும் ஊரின் அடியிலுள்ள பழைய துறைக்குச் செல்ல வேண்டும். ஒரு குழுவினர் ஒரே படகில் செல்ல விரும்பினால் எல்லாரும் ஒன்றாகச் சென்று சீட்டுப் பெறுவதே வழி. தனித்தனியே சென்றவர்கள் தனித்தனி எண்ணோடு பிரிந்துபோவதைக் கண்முன்னே கண்டோம்.

நம் குழுவில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 74 வயது அம்மையார் ஒருவர் இருந்தார். வடகாற்றினால் அலை சற்றே எழும்பியிருந்தது. படகில் இறங்கும் வாயிலில் நிற்கும் கப்பல் அதிகாரி, நடக்க இயலாதவரை அலையைக் காரணம் காட்டி நிறுத்திவிடலாம் என்று அறிவித்திருந்தனர். குழுவில் சிலர், அவரைக் கப்பலிலேயே விட்டுச் சென்றால் மற்றவர்களாவது விரைந்து போய் வரலாமே என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டனர். அது அவர் காதில் விழாமல் இல்லை. நம்மிடம் வந்து, "சாமி, என்னால நாலு பேருக்குத் தாமதம் ஆகக் கூடாது. நான் கப்பல்லயே செபமாலை சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

அவர் சொன்னதில் கசப்பு இல்லை. அதுவே நமக்குச் சுமையாயிற்று. விரைவாக இறங்க வேண்டுமென்றால் மெதுவாக நடப்பவரை விட்டுவிடுவதே எளிய கணக்கு. அக்கணக்கின்படி நடந்தால் 27 பேர் கரையேறலாம். ஆனால் அந்த 27 பேரும் நாம் அழைத்து வந்த அதே குழுவாக இருப்பார்களா? வேறொரு கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அவரை முன்னிறுத்தி, அவருடைய நடைக்கு ஏற்ப நேரத்தை வகுத்துக்கொண்டால் என்ன? இளைஞர்கள் படிவழியே ஏறட்டும். முதியோர் கம்பி ஊர்தியில் ஏறட்டும். மேலே உள்ள மறைமாவட்டப் பேராலயத்தில் சந்திப்போம். கூட்டம் திரும்பத் தொடங்குமுன் நாம் இறங்கத் தொடங்குவோம் என்று முடிவு செய்தோம்.

படகில் கால்வைக்கும் இடத்தில் அந்த அம்மையாரே நமக்கு ஆசிரியர் ஆனார். "எங்க அப்பா தோணியில தண்டல், சாமி. படகு மேல வரும்போது கால வையுங்க. கீழ போறப்ப வைக்காதீங்க. கையில எதையும் பிடிச்சிக்கிட்டு இருக்காதீங்க" என்று பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். மாலுமிகள் இருவர் விரல்களைப் பற்றாமல் முன்கையைப் பற்றி இறக்கினர். நனைந்த விரல் வழுக்கும், முன்கை வழுக்காது. அதிகாரி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குள் படகு உயர்ந்தது. அம்மையார் காலை எடுத்து வைத்துவிட்டார்.

அப்படகுகள் உள்ளூர்ப் படகோட்டிகளுடையவை. கப்பலே தன் படகுகளை இறக்கலாமே, இவர்களுக்கு ஏன் கூலி என்று ஒருவர் கேட்டார். 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், பெரிய வியாழனன்று, 'சீ டைமண்ட்' என்னும் கப்பல் இதே வளைகுடாவில் பாறையில் மோதி, மறுநாள் மூழ்கியது. அதில் இருந்த 1,500-க்கும் மேற்பட்டோரில் இருவர் தவிர அனைவரும் காப்பாற்றப்பட்டனர். அவர்களை மீட்க விரைந்தவற்றுள் அவ்வூர்ச் சிறு படகுகளும் இருந்தன. துறையில்லாத கரையில் படகோட்டியே துறை. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவாகாது.

சில நிமிடங்களில் பழைய துறையில் இறங்கிவிட்டோம். கரையேறுதல் அங்கே முடிந்துவிடவில்லை. ஊர், தலைக்கு மேல் 220 மீட்டர் உயரத்தில் இருந்தது. ஏறுவதற்கு மூன்று வழிகள்: 580-க்கும் மேற்பட்ட அகன்ற படிகளில் நடந்து ஏறலாம், கழுதையிலோ கோவேறு கழுதையிலோ ஏறலாம், பழநியில் ரோப் கார் என்கிறோமே, அதுபோன்ற கம்பி ஊர்தியில் மூன்று நிமிடங்களில் ஏறலாம். அவ்வூர்தி ஒரு தடவையில் 36 பேரை ஏற்றும். 2,000 பேர் கொண்ட ஒரு கப்பலுக்கே 56 தடவை இயங்க வேண்டும். படகுகள் எவ்வளவு விரைவாக ஓடினாலும் என்ன பயன்? குடத்தின் கழுத்து எங்கே குறுகுகிறதோ அங்கேதான் நீரின் வேகம் முடிவாகிறது. கரையேறுவோர் முதலில் தேடவேண்டியது அந்தக் கழுத்தையே.

அக்கம்பி ஊர்தியைப் பற்றி ஒரு செய்தி நம் மனத்தில் தங்கிவிட்டது. அத்தீவைச் சேர்ந்த கப்பல் உரிமையாளர் குடும்பமான நோமிக்கோசு அறக்கட்டளையினர் அதை ஊருக்குக் கொடையாக அளித்தனர். அது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி வருகிறது. அதற்குமுன் பயணிகளை ஏற்றி வாழ்ந்தவர்கள் கழுதைக்காரர்கள். அவர்கள் பிழைப்பு கெடாதிருக்க, ஊர்தி வருவாயில் ஒரு பங்கு அவர்களுக்குச் செல்லுமாறு ஏற்பாடு செய்தனர். விரைவு வரும்போது வழியில் நின்ற எளியவன் என்ன ஆவான் என்று கேட்டு வைத்த ஏற்பாடு அது. விலங்குகளையும் பின்னர் எண்ணிப் பார்த்தனர். 100 கிலோவுக்கு மேல் அவற்றின்மீது சுமை ஏற்றலாகாது என்று 2018-இல் கிரேக்க அரசு விதி செய்தது.

கம்பி ஊர்தியின் மேல் நிலையத்திற்கு அண்மையிலேயே கத்தோலிக்கர் பகுதி உள்ளது. புனித திருமுழுக்கு யோவான் பேராலயமும், 1596-இல் நிறுவப்பெற்ற புனித சாமிநாதர் சபைக் கன்னியர் மடமும் அங்குள்ளன. பேராலயம் 1956-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்து, மீண்டும் செப்பனிடப்பட்டது. தீவின் பெயரே, 13-ஆம் நூற்றாண்டில் இலத்தீன் மக்கள் புனித இரீனியின் பெயரால் இட்டதுதான். இரீனி என்றால் அமைதி. வியர்க்க வியர்க்கப் படியேறி வந்த இளைஞர்களும் அம்மையாரும் ஒரே வரிசையில் அமர்ந்து அரைமணி நேரம் செபித்தோம்.

மாலை 7 மணிக்கு இறங்க வேண்டும் என்றதும் முணுமுணுப்பு எழுந்தது. இன்னும் அரைமணியில் கதிரவன் மறையும். அக்காட்சியைக் காணவே உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். "இவ்வளவு செலவு பண்ணி வந்து, பாக்க வேண்டியத பாக்காம ஓடணுமா, பாதர்?" என்றார் வணிகர் ஒருவர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆயினும் மறைவு முடிந்த நொடியில் அத்தனை பேரும் அந்த 36 இருக்கைகளை நோக்கியே திரும்புவர் என்பதும் உண்மை. அவரும் இளைஞர் இருவரும் இருந்து பார்த்துவிட்டுப் படிவழியே இறங்குவது என்றும், 8.30-க்குத் துறையில் இருப்பது என்றும் ஒப்புக்கொண்டோம். மற்றவர்கள் வரிசையில் நின்றோம். நம் முறை வந்தபோது கதிரவன் கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழிறங்கும் பெட்டியின் கண்ணாடி வழியே அம்மையார் அதைப் பார்த்தபடியே வந்தார்.

துறையில் எண்ணிப் பார்த்தபோது 25 பேர். 8.30 கடந்தது, மூவரும் வரவில்லை. படகு ஒன்று புறப்பட ஆயத்தமாயிற்று. முதலில் நீங்கள் போங்கள் அம்மா என்றோம். "எண்ணிக்கை குறையுதே சாமி. 28 வரட்டும்" என்று சொல்லி, கல் திண்ணையில் அமர்ந்து படிகளையே பார்த்திருந்தார். 8.45-க்கு, சாணம் படிந்து வழுக்கும் கற்களில் தட்டுத் தடுமாறி அம்மூவரும் வந்து சேர்ந்தனர். வணிகர் மூச்சு வாங்க நின்றார். அம்மையார் நகர்ந்து இடம் கொடுத்து, "உக்காருங்க தம்பி, அடுத்த படகு இருக்கு" என்றார்.

திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தில் பவுலடியார் பயணம் செய்த கப்பல் மால்தா கரையருகே உடைகிறது. துறை இல்லை. கப்பலிலிருந்த சிறு படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பிவிட மாலுமிகள் முயல்கின்றனர். பவுல் அதை வெளிப்படுத்த, படைவீரர் கயிற்றை அறுத்துப் படகை விட்டுவிடுகின்றனர். பின்னர் நூற்றுவர் தலைவன் முறை வகுக்கிறான்: நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதிக்கட்டும், மற்றவர்கள் பலகைகளைப் பற்றி வரட்டும். இவ்வாறு 276 பேரும் கரை சேர்ந்தனர் என்று நூல் எண்ணிச் சொல்கிறது. வலியவர் முன்னே போகலாம், அதில் தவறில்லை. ஆனால் எளியவருக்கான பலகையைப் பறித்துக்கொண்டு போகலாகாது.

அத்தகைய கரைகளுக்குச் செல்ல நேரும் நம் மக்களுக்குச் சில சொற்கள். அன்று எத்தனை கப்பல்கள் நிற்கின்றன என்பதை முன்னரே கேட்டறியுங்கள். சீட்டை ஒன்றாகப் பெறுங்கள். மருந்தும் தண்ணீரும் கப்பல் அட்டையும் தோள்பையில் இருக்கட்டும். கைகள் இரண்டும் வெறுமையாக இருக்கட்டும். வழுக்காத காலணி அணியுங்கள். எங்கே வழி குறுகுகிறது என்று பாருங்கள். ஏறுவதற்கு முன்பே எப்போது இறங்குவது என்று முடிவு செய்யுங்கள். உங்களுள் மிக மெதுவாக நடப்பவர் யார் என்று கேட்டு, அவர் காலடிக்கு நேரத்தை அளந்துகொள்ளுங்கள். புறப்படும் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பாருங்கள்.