எதிர்வீட்டு நிலைக்கால்

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பையன் நிலைக்காலை விரலால் தடவிக்கொண்டிருந்தான். தோளுயரத்தில் இரண்டு துளைகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஆனால் நேராக இல்லாமல் சாய்வாக. அவன் வருவதற்கு முன் பெயின்ட் அடித்தார்கள். துளைகளை மட்டும் மூடவில்லை. கதவைப் பூட்டித் திரும்பும்போதெல்லாம் என் கண்ணும் அங்கேதான் போகும்.

அங்கே, யூதர்கள் வீட்டு நிலைக்காலில் பொருத்தும் மெசூசா ஒன்று இருந்தது. விரல் நீளத்தில் பித்தளைக் கூடு. உள்ளே பதப்படுத்திய தோலில் கையால் எழுதிச் சுருட்டிய எபிரேய வசனங்கள். கூட்டின் முகப்பில் ஒற்றை எழுத்து. முதலில் பார்த்தபோது நம் ‘ய’ என்றே நினைத்தேன். “தமிழா இது?” என்று கேட்டும் விட்டேன். “ஷின், எபிரேய எழுத்து” என்று சிரித்தாள் அப்போது எதிர்வீட்டில் இருந்த தோழி. ஏன் சாய்ந்திருக்கிறது, ஆணி கழன்றுவிட்டதா என்றேன். நிமிர்த்தி வைக்க வேண்டும் என்றாராம் ஒரு பெரியவர். படுக்கவைக்க வேண்டும் என்றாராம் அவருடைய பேரர். சுமார் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால், பிரான்சில். இரண்டு பேர் சொல்லையும் தட்டாமல் நடுவாகச் சாய்த்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நிலைக்கு மஞ்சள் பூசும் அம்மாவை நினைத்துக்கொண்டேன். எதிர்வீட்டுத் தோழிக்கும் வெள்ளிக்கிழமைதான் விசேஷம். பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவாள், ரொட்டியைத் துணியால் மூடி வைப்பாள். திராட்சை ரசத்துக்கு முதலில் ஆசி சொல்வதைப் பார்த்து ரொட்டி வருந்தக் கூடாதாம்.

நானும் அவளும் 2018இல்தான் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குச் சேர்ந்திருந்தோம். ஸ்க்விரல் ஹில்லில் வீடு, 61சி பேருந்தில் போய்வருவோம். அக்டோபர் 27, சனிக்கிழமை, தூறல். காலையில் தொடங்கிய சைரன் நிற்கவே இல்லை. நடக்கிற தூரத்தில் இருந்த ‘ட்ரீ ஆஃப் லைஃப்’ ஜெப ஆலயத்தில், ஓய்வுநாள் வழிபாட்டுக்கு வந்த பதினொரு பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். மூத்தவருக்கு 97 வயது. மாலையில் மர்ரே அவென்யூ முக்கில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டிய அஞ்சலியில் அவள் பக்கத்தில் நின்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை ‘பிட்ஸ்பர்க் போஸ்ட்-கெசெட்’ தன் தலைப்பையே எபிரேய எழுத்தில் அச்சிட்டது, இறந்தோருக்கான பிரார்த்தனையின் முதல் சொற்கள். அந்தத் தாளை அவள் சுவரில் ஒட்டினாள். அந்த நாட்களில் யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தார் சூப் கொண்டுவந்தார்கள். நான் ரசம் வைத்துக் கொண்டுபோனேன்.

சுட்டவன் யூதர்களை வெறுத்த வெள்ளைக்காரன். அதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. அவள் பக்கம் நிற்க எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிக்க ஆரம்பித்தது 2023இல்.

அக்டோபர் 7ஆம் தேதி ஹமாஸ் இஸ்ரேலில் சுமார் 1,200 பேரைக் கொன்றது. காஸாவில் இஸ்ரேலின் குண்டு விழ ஆரம்பித்தது. இரண்டு வாரம் கழித்துத் துணி துவைக்கும் அறையில் அவளைப் பார்த்தேன். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்: “உங்க அரசாங்கம் பண்றது உனக்கே சரின்னு படுதா?”

படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். “என் அரசாங்கமா? நான் பிறந்தது க்ளீவ்லேண்டில்.” கோபமில்லை, களைப்பு. அப்புறம் விரிப்பின் மறுமுனையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். இருவரும் பேசாமல் மடித்து முடித்தோம்.

அதைக் கேட்ட முதல் ஆள் நானில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அவள் போய்வந்த வாசிப்புக் குழுவில், உட்காரும் முன் உன் நிலைப்பாட்டைச் சொல் என்றிருக்கிறார்கள். மற்ற யாரிடமும் கேட்கவில்லை. காஸாக் குழந்தைகளுக்காக அவள் அழுததை அறிவேன். அழாமலே இருந்திருந்தாலும் அந்தக் கேள்வி தப்புதான். ஓர் அரசைக் கண்டிக்க எவருக்கும் உரிமை உண்டு, நானும் அந்தப் போரைக் கண்டிக்கிறேன். அந்த அரசின் பழியை இங்கே படிக்க வந்த ஒருத்தியின் தலையில் போடுவதற்குப் பெயர் யூத வெறுப்பு. நவம்பரில் வெர்மான்ட்டின் பர்லிங்டனில் மூன்று பாலஸ்தீன மாணவர்களை ஒருவன் தெருவில் சுட்டான். அந்தப் பிள்ளைகள் எந்தப் பழிக்குப் பொறுப்பு?

அதற்கு முன், அக்டோபர் கடைசியில், கார்னெல் பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்கள் சாப்பிடும் கோஷர் உணவுக்கூடத்தைச் சுடப்போவதாக மிரட்டி எழுதிய மாணவன் கைதானான். அந்த வாரம் ஒருநாள் காலை எதிர்வீட்டு நிலைக்காலில் மெசூசா இல்லை, திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. கூட்டை உள்ளே படுக்கையறை நிலையில் டேப் போட்டு ஒட்டியிருந்தாள்.

பல்கலைக்கழகங்களில் இது புதிதல்ல என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்: 1922இல் ஹார்வர்டின் தலைவர் லோவெல், யூத மாணவர்களை 15 சதவீதத்துக்குள் நிறுத்தப் பார்த்தார். பிறந்த பிறகு உன் பெயரையோ உன் அப்பா பெயரையோ மாற்றியதுண்டா என்று அந்த வருஷ விண்ணப்பத்தில் கேட்டார்கள். பெயரை மாற்றிக்கொண்டாலும் விடவில்லை. மறுவருஷம் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்கள் கூடி உண்ணவும் வழிபடவும் ஹில்லெல் என்ற அமைப்பு தொடங்கியது. எங்கள் வளாகத்தை ஒட்டி ஃபோர்ப்ஸ் அவென்யூவிலும் ஒன்று உண்டு.

டிசம்பரில் மூன்று பல்கலைக்கழகத் தலைவர்களை நாடாளுமன்றக் குழு விசாரித்தது. யூதரை இனப்படுகொலை செய்யச் சொல்வது உங்கள் விதிகளுக்கு விரோதமா என்ற கேள்விக்கு, சூழலைப் பொறுத்தது என்று பதில் வந்தது. நாலே நாளில் ஒருவர் பதவி விலகினார். அவள் அந்தச் செய்தியை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது, இரவு பதினோரு மணிக்கு ஆய்வகத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஒரு துணை. துறையில் நாங்கள் மூன்று பேர் முறைவைத்துப் போனோம். ஈரானிலிருந்து வந்த தோழி ஒருநாளும் தவறவில்லை. நான் இரண்டு தடவை மறந்தேன். இரண்டு தடவையும் அவள் தனியாக வந்தாள்.

2024 மே மாதம் ஆய்வை முடித்து, மெசூசாவைக் காலுறைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். ஆகஸ்ட் கடைசியில், எங்கள் வளாகத்தின் ‘கதீட்ரல் ஆஃப் லேர்னிங்’ கட்டடத்தருகே, கிப்பா என்னும் யூதத் தலைக்குல்லா அணிந்து நடந்துபோன இரண்டு மாணவர்களை ஒருவன் பாட்டிலால் தாக்கினான்.

நிலைக்காலைத் தடவிக்கொண்டிருந்த இந்தப் பையன் பேஸ்பால் தொப்பி போட்டிருந்தான். சாவியை எடுக்கக் குனிந்தபோது அதன் அடியில் நீல நிறக் கிப்பாவின் ஓரம் தெரிந்தது.

“இங்கே மெசூசா இருந்ததா?”

“இருந்தது” என்றேன்.

யார் வைத்தது என்று கேட்கவில்லை. “ஏன் எடுத்தார்கள்?” என்று கேட்டான்.

“உள்ளே வா” என்று என் கதவைத் திறந்தேன். “காபி போடறேன், சொல்றேன்.”