சிங்க இராசியும் முகாமையாளர் நாற்காலியும்

ஆளப் பிறந்தவர் சிலர், அடங்கப் பிறந்தவர் பலர் என்னும் எண்ணம் நம் நாட்டில் மிகப் பழையது. முன்னர் அதைச் சாதியின் பெயரால் சொன்னார்கள். பின்னர் குடும்பத்தின் பெயராலும் படித்த கல்லூரியின் பெயராலும் சொன்னார்கள். இன்று அவற்றை வெளிப்படையாகச் சொல்வதற்குச் சிறிது கூச்சம் ஏற்பட்டுவிட்டது. அதனாலேதானோ என்னவோ, இப்போது இராசியின் பெயரால் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். மேடமும் சிங்கமும் தலைமை தாங்குமாம். கன்னி கணக்கு எழுதுமாம். மீனம் கனவு கண்டுகொண்டிருக்குமாம். கலியாணப் பொருத்தம் பார்ப்பதோடு நின்றிருந்த சோதிடம் கந்தோருக்குள் நுழைந்து பதவி உயர்வையும் பங்கிடப் புறப்பட்டிருக்கிறது.

நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி கொழும்பிலே ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். கணக்குப் பகுதியில் ஆறு ஆண்டு அனுபவம். அப்பகுதிக்கு மேற்பார்வையாளர் ஒருவர் தேவைப்பட்டபோது, மேலதிகாரி தகுதியுடைய நால்வரை அழைத்து, வேறு பல கேள்விகளுக்கிடையே பிறந்த திகதியையும் விசாரித்தாராம். இவள் பிறந்தது செப்டெம்பர் 10. "அப்படியானால் கன்னி. உமக்குக் கணக்கு நன்றாக வரும், ஆட்களை நடத்த வராது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத ஓர் இளைஞருக்குப் பதவி போயிற்று. அவர் ஓகஸ்ட் முதலாந் திகதி பிறந்த சிங்கம். மேலதிகாரி படித்த கல்லூரியிலேயே அவரும் படித்தவர் என்பது தற்செயலாக இருக்கலாம்.

லீவில் ஊருக்கு வந்தபோது அவள் இதை நமக்குச் சொன்னாள். அவளுடைய கோபத்தைவிட அவளுடைய சந்தேகமே நம்மை வருத்தியது. "உண்மையிலேயே எனக்கு அது வராதோ, சேர்?" என்று கேட்டாள். பாடசாலையில் முப்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்து நாடகம் போட்டவள் கேட்ட கேள்வி அது!

சோதிடத்தை அதன் சொந்த நிலத்திலேயே நிறுத்திப் பார்ப்போம். மேல்நாட்டுக் கணக்கில் செப்டெம்பர் 10 கன்னிதான். நமது பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அன்று ஆவணி மாதம் நடக்கிறது. சூரியன் நிற்பது சிங்கத்தில். ஓகஸ்ட் முதலாந் திகதியோ ஆடி, சூரியன் கர்க்கடகத்தில். ஆகவே பஞ்சாங்கத்தின்படி சிங்கம் நம் மாணவி. நாற்காலியில் அமர்ந்திருப்பது நண்டு! காரணம் எளிது. பூமியின் அச்சு ஒரு பம்பரத்தைப்போல மெல்லத் தள்ளாடுகிறது. அதனால் இரவும் பகலும் சமமாகும் நாளிற் சூரியன் நிற்கும் இடம், நட்சத்திரங்களுக்கிடையே ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பின்வாங்குகிறது. மேல்நாட்டார் அந்த இடத்திலிருந்து மேடத்தை எண்ணுகிறார்கள். நம்மவர் நட்சத்திரங்களைக் கொண்டு எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் இன்று சுமார் 24 பாகை வித்தியாசம். போதாததற்கு, நம் சாத்திரிமார் ஒருவருடைய இராசி என்று சொல்வது சூரியன் நின்ற வீட்டையே அன்று, சந்திரன் நின்ற வீட்டை. சந்திரனோ ஏறக்குறைய இரண்டேகால் நாளுக்கு ஒரு முறை வீடு மாறுகிறவன். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் தமக்குள்ளே படும் வழக்கை நாம் இங்கு அவிழ்க்கப்போவதில்லை.

பத்திரிகை இராசிபலன் ஆதிகாலத்து ஞானமும் அன்று. 1930ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஸ்கொட்லாந்தில் இளவரசி மார்கரெட் பிறந்தபோது, "சண்டே எக்ஸ்பிரஸ்" பத்திரிகை நேலர் என்பவரைக் கொண்டு அக்குழந்தைக்குப் பலன் எழுதுவித்தது. அந்த வரவேற்பிலிருந்து வளர்ந்ததே உலகத்தாரைப் பன்னிரண்டு கூறாக்கிப் பலன் சொல்லும் பத்தி. விற்பனைக்கென்று செய்த சரக்கு அது.

அப்படியாயின் ஏன் அது நமக்குப் பொருந்துவதுபோலத் தோன்றுகிறது? 1948இல் பேர்ட்ராம் போரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, ஒவ்வொருவருடைய குணத்தையும் தனித்தனியே எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். கொடுத்தது எல்லோருக்கும் ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களும் பெரும்பாலும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ஐந்துக்கு எத்தனை புள்ளி கொடுப்பீர்கள் என்று கேட்டபோது, மாணவர் கொடுத்த சராசரி 4.26. "உம்மிடம் வெளிப்படாத ஆற்றல் நிறைய உண்டு" என்று சொன்னால் மறுப்பவர் யார்?

இச்சரக்கைச் சமூகக் கண்கொண்டு பார்த்தவர் ஜெர்மன் அறிஞர் தியடோர் அடோர்னோ. 1952-53இல் "லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்" பத்திரிகையின் சோதிடப் பத்தியைச் சில மாதங்கள் தொடர்ந்து வாசித்து ஆராய்ந்தார். அப்பத்தி யாரை நோக்கிப் பேசுகிறது? தலைக்கு மேலே அதிகாரி உள்ள, ஆனால் தம்மையும் முக்கியமானவராக எண்ண விரும்பும் ஒரு நடுத்தர உத்தியோகத்தரை. மேலிடத்தாரோடு பகைக்காதே, காலமறிந்து நட, இணங்கிப் போ என்பதே அது நாள்தோறும் ஓதும் மந்திரம். சம்பளம் ஏன் போதவில்லை என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. கிரகம் சரியில்லை, அவ்வளவுதான்.

நம் மலைநாட்டுக்கு வருவோம். தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறிப்போர் மிகப் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று வேலை வாங்கும் கங்காணிமாரும், கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதுவோரும் பெரும்பாலும் ஆண்கள். சூரியன் ஆணுக்கொரு மாதமும் பெண்ணுக்கொரு மாதமுமாக இராசி மாறுவதில்லையே! லயத்திலே பிறக்கும் பிள்ளைகளிலும் ஏறக்குறையப் பன்னிரண்டில் ஒரு பங்கு சிங்கம்தானே? பங்களாவிலும் மீனங்கள் பிறந்துகொண்டுதானே இருக்கின்றன? கோள்கள் தம் இராசிகளைப் பால் பாராமல், சாதி பாராமல், பணம் பாராமல் பங்கிட்டுக் கொடுக்கின்றன. பதவிகள் மட்டும் அப்படிப் பங்காவதில்லை. அதைப் பங்கிடுகிற கை வேறு. அந்தக் கை தன்னை மறைத்துக்கொள்ள வானத்தைக் காட்டுகிறது.

பிறந்த மாதத்துக்கும் தலைமைக்கும் உறவே இல்லையா என்றால், ஓர் உறவு உண்டு. ஆசிரியர்களாகிய நமக்குத்தான் அது முதலிலே தெரிந்திருக்க வேண்டும். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் பொருளியலாளர் இருவர் கண்டது இது: அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் விளையாட்டு அணித் தலைவர், சங்கத் தலைவர் முதலிய பதவிகளை வகிக்கும் வாய்ப்பு, வகுப்பில் வயதால் மூத்த மாணவருக்கே கூடுதலாக இருக்கிறது. நம் நாட்டில் முதலாந் தரத்திற் சேர, அவ்வாண்டு ஜனவரி 31ஆந் திகதி ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். ஜனவரி 30இற் பிறந்த பிள்ளை வகுப்பில் ஆக இளையது. பெப்ரவரி 2இற் பிறந்தது ஓராண்டு காத்திருந்து, அடுத்த வகுப்பில் ஆக மூத்ததாகச் சேர்கிறது. இருவரும் பிறந்தபோது சூரியன் நின்றது நமது கணக்கில் மகரத்தில், மேல்நாட்டுக் கணக்கில் கும்பத்தில். எந்தக் கணக்கிலும் இருவருக்கும் ஒரே வீடு! ஆனால் ஒன்று தன் வகுப்பில் உயரமாய் நிற்கிறது, உரத்துப் பேசுகிறது. நாமும் அதன் கையிலே வெண்கட்டியைக் கொடுத்து, "பேசுகிறவர்களின் பெயரை எழுது" என்கிறோம். பத்து ஆண்டு இப்படிப் பழகியவன் மாணவத் தலைவனாகிறான். அதன்பின் "பிறவித் தலைவன்" என்று பரிசளிப்பு விழாவிற் புகழ்கிறோம்.

நம் மாணவி இப்போது, அன்று அழைக்கப்பட்ட ஏனைய இருவரோடு சேர்ந்து, மேற்பார்வையாளரைத் தெரிவு செய்யும் விதிகளை எழுத்திலே தரும்படி நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இதை எழுதும் நாள்வரை பதில் இல்லை.

நாமும் நம் ஏழாந் தர வகுப்பிலே ஒரு சிறு மாற்றம் செய்தோம். தலைவரைத் தேர்வதை விட்டு, இடாப்பு வரிசைப்படி ஆளுக்கு இரண்டு வாரம் என்று வைத்தோம். மூன்றாவதாக வந்தவன் ஜனவரிக் கடைசியிற் பிறந்த, வகுப்பில் ஆகச் சின்னவன். முதல் நாள் அவனுடைய குரல் கடைசி வாங்குக்குக் கேட்கவில்லை. பையன்கள் சிரித்தார்கள். அவன் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, வாங்கொன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி, சொல்ல வேண்டியதைக் கரும்பலகையிற் பெரிதாக எழுதத் தொடங்கினான்.