கப்பலில் இறங்கி மதுரைக்கு நடந்த குதிரைகள்

ஆவணி மாதம் மதுரையில் மூலத் திருவிழா நடக்கும்போது, திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் நகருக்குள் எழுந்தருள்வார். நரியைப் பரியாக்கிய லீலையைப் பார்க்கக் கூட்டம் கூடும். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். குதிரை வாங்கி வரச் சொல்லி அரிமர்த்தன பாண்டியன் கொடுத்த பணத்தை, திருப்பெருந்துறையில் கோயில் கட்டச் செலவழித்துவிட்டார் அமைச்சர். இறைவனே நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். ராத்திரியே அவை மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிப்போயின.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம், தூரம். திருப்பெருந்துறை என்பது இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில். அங்கிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். கப்பலை விட்டு இறங்கிய குதிரை அவ்வளவு தூரமும் நடந்துதான் வர வேண்டும்.

கதையை விடுங்கள். நிஜக் குதிரைகளும் அப்படித்தான் வந்தன. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைக் கப்பல்கள் வந்து இறங்கும் துறைமுகமாகக் காயலைச் சொல்கிறார். தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள பழையகாயல்தான் அது என்று அடையாளம் காட்டியவர் கால்டுவெல். இன்று அங்கே போனால் உப்பளமும் உப்புக் காற்றும்தான். கடல் விலகிப் போய்விட்டது. அங்கிருந்து எட்டயபுரம், அருப்புக்கோட்டை, காரியாபட்டி வழியாக மதுரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஏ.சி. காரில் மூன்று மணி நேரம். கரிசல் காட்டில், நிழல் தேடித் தேடி நடக்கும் குதிரைக்கு?

இதே தூரத்தை இன்று ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள். எண்டியூரன்ஸ் ரைடிங். 1955-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய டெவிஸ் கோப்பைப் பந்தயத்தில் 24 மணி நேரத்துக்குள் 160 கிலோமீட்டர் போக வேண்டும். வேகம் மட்டும் போதாது. வழிநெடுக கால்நடை மருத்துவர்கள் நிற்பார்கள். இந்த வகைப் போட்டிகளில், ஓடி வந்த குதிரையின் நாடித்துடிப்பு, குறித்த நிமிடங்களுக்குள் நிமிடத்துக்கு 64 என்ற அளவை ஒட்டி இறங்கியாக வேண்டும். சும்மா நிற்கும் குதிரைக்கு 30, 40 தான் இருக்கும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்ப்பார்கள். உடனே படிந்தால் சரி, மடிப்பாகவே நின்றால் உடம்பில் தண்ணீர் இல்லை. வயிற்றில் காது வைத்துக் குடல் ஓசை கேட்பார்கள். நொண்டினால் அங்கேயே ஆட்டம் முடிந்தது.

ஏன் இத்தனை சோதனை? குதிரை வாய் திறந்து 'போதும்' என்று சொல்லாது. மேலே இருப்பவர் போகச் சொன்னால் போய்க்கொண்டே இருக்கும். வெயிலில் ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் வியர்வை போகும். அதில் உப்பும் நம் வியர்வையைவிட அதிகம். இளம் குதிரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும். ஆனால் முதுகெலும்பு வளர்ந்து முடியவே ஐந்தாறு வயதாகும்.

பாண்டிய நாட்டுக் குதிரைகளுக்கு என்ன ஆனது? வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் மன்னர் வாங்குகிறார், வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லையாம். வியாபாரிகளே அப்படிப்பட்டவர்களை வரவிடாமல் தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்! சோற்றோடு வேகவைத்த இறைச்சியைத் தீனியாகப் போட்டார்கள் என்றும் எழுதுகிறார்.

கொஞ்சம் பின்னால் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் உறைக்கிறது. ஒரு குதிரைக்கு 220 தங்க தினார் விலை. கடலில் செத்தாலும் அரசுக் கஜானா பணம் கொடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம். வந்த குதிரையை 40 நாள் கயிறும் முளையும் போட்டுக் கட்டி, தின்னக் கொடுத்துக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு பழக்காமலேயே ஒரே நாளில் ஏறி விரட்டுவார்களாம். அந்நியர்கள் சொன்ன கதை, இரண்டு பேரும் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த 40 நாள் கணக்கைக் குதிரை வளர்ப்பவர் யாரிடம் சொன்னாலும் தலையில் அடித்துக்கொள்வார். முதல் நெடும்பயணத்துக்கு முன் குதிரைக்குச் செய்யவே கூடாதது எதுவோ, அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். பல மாதங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்ட வேண்டும். மதுரையில் அதற்குத் தோதான இடம் கேட்டால், ஒத்தக்கடையில் யானைமலையைத் தாண்டித் திருவாதவூர், மேலூர் பக்கத்துச் சமவெளியைச் சொல்லலாம். பெரியாறு பாசனக் கால்வாய் பாயும் பூமி. நான்குவழிச் சாலையில் லாரி ஹாரனுக்கே இளம் குதிரை மிரளும். தார் ரோடு குளம்புக்கும் காலுக்கும் ஆகாது. மண்பாதைதான் நல்லது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். முதல் தடவை 15 கிலோமீட்டரே அதிகம். பாதி நடை, பாதி மெல்லோட்டம். கண்மாய் கண்ணில் பட்டால் நின்று குடிக்க விட வேண்டும். பழக்கமில்லாத தண்ணீர் என்று முகத்தைத் திருப்பினால் அவசரப்படுத்தக் கூடாது. பொறுத்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் கண்மாய்க் கரைகளில் பல இடங்களில் அய்யனார் கோயிலும், வரிசையாக மண்குதிரைகளும் நிற்கும். புரவி எடுப்பு நடக்கும் நாளில், வேளார் செய்து முடித்த புதுக் குதிரைகளை ஊர்க்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். கனம் தாங்காமல் வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி தூக்குவார்கள்.