தளபதியா, குணாவா?



1991 தீபாவளிக்கு தளபதி, குணா இரண்டும் ஒன்றாக வந்தன. அப்போது வசூலில் முந்தியது தளபதிதான். 2024இல் மஞ்ஞும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படம் வந்ததும் கதை மாறிவிட்டது. 1991இல் பிறந்தே இராத பிள்ளைகள் குணா பாட்டைப் பாடுகிறார்கள். கொடைக்கானலில் குணா குகையைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். 33 வருஷம் கழித்தும் படங்களின் இடம் மாறுகிறது பாருங்கள்.

என் அப்பா காலத்து ஆட்களைக் கேட்டால், "இரண்டுமே இல்லை, ஹரிதாஸ்தான்" என்பார்கள். 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் அது.

இதை ஏன் சொல்கிறேன்? எக்காலத்துக்கும் சிறந்த தீபாவளிப் படம் எது என்று நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாகச் சண்டை. ஒருவன் பத்துப் படம் வரிசைப்படுத்தினான். குணாவைப் பத்தாவதாகப் போட்டான் என்று இன்னொருவன் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டான். இருவரும் ஐந்து வருஷம் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள்! வரிசை போட்டவனே இன்று போன் போட்டு அவனைக் கூப்பிட வேண்டும். இது வாத்தியார் உத்தரவு.

இன்னொன்றும் யோசியுங்கள். இரண்டு படத்துக்கும் இசை நம்ம பண்ணைப்புரத்து இளையராஜா. எது ஜெயித்தாலும் பெருமை நம்ம பக்கத்துக்குத்தானே? அனுமந்தன்பட்டிக்காரர்கள் இதற்கு அடித்துக்கொள்ளலாமா?

வரிசை போட வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகப் போடுங்கள். ஆனால் பென்சிலால் போடுங்கள். அடுத்த தலைமுறை அழித்து எழுதும்.