பழனி ரோட்டில் எழுபதா?

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் வழியில்தான் எங்கள் வடகவுஞ்சி. சனி, ஞாயிறு வந்தால் வளைவுக்கு வளைவு ஹாரன் சத்தம், இறங்குகிற கார்களிலிருந்து பிரேக் கருகும் வாடை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவுப்படி, முன்பு அதிவேகத்துக்கு முதல் தடவை 400 ரூபாய்தான் அபராத உச்சம். 2019 திருத்தத்துக்குப் பிறகு கார்களுக்கு 1,000 முதல் 2,000 வரை, லாரி, பஸ்களுக்கு 2,000 முதல் 4,000 வரை. மறுபடி மாட்டினால் லைசென்ஸையே பறிமுதல் செய்யலாம்.

ஆனால் 2018-ல் மத்திய அரசு சாதாரண சாலைகளில் கார்களுக்கு வைத்த உச்சவரம்பு 70 கிலோமீட்டர். எங்கள் வளைவில் 70 போனால் அபராத ரசீது வாங்க ஆள் இருக்க மாட்டார்! மாநில அரசு இதைக் குறைக்கலாம், போர்டு வைக்கலாம். அந்த போர்டை யார் பார்க்கிறார்கள்? வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்கு. இறக்கத்தில் அதற்கும் மேலே.

எனக்கு எரிச்சல் வேறொன்றில். குறுகிய மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இதுவும் விதிதான். இங்கே வாழைத்தார் ஏற்றும் பிக்கப் டிரைவர்கள் இரண்டாவது கியரில் இறங்கி, ஓரங்கட்டி, கையசைத்து வழிவிடுவார்கள். வெளியூர் கார்க்காரர் லைட்டை அடித்துக்கொண்டு நடுரோட்டில் வருவார்.